மணலில் எழுதிய பாடமும் குவேக்கர் நெறியும்

மயிலாப்பூருக்குக் கபாலீசுவரர் கோயிலும் சாந்தோம் பேராலயமும் இருப்பதைப் போல, அடையாற்றுக்குப் பிரம்மஞான சபையின் தோட்டமும் ஆலமரமும் இருப்பதைப் போல, பார்த்தவுடன் இன்னாருடையது என்று ஊரார் சுட்டிக்காட்டத்தக்க கட்டடம் எதுவும் குவேக்கர்களுக்குச் சென்னையில் இல்லை. கோபுரம், பலிபீடம், குருவானவர், விசுவாசப் பிரமாணம் என ஒரு சமயத்தை வெளியிலிருந்து அடையாளம் காண உதவும் அனைத்தையும் விலக்கிவைத்தவர்கள் அவர்கள் என்பதால் இதில் வியப்படைய ஏதுமில்லை. ஆயினும் அவர்களுடைய நம்பிக்கைகளின் தடம் இந்நகரின் வரலாற்றில், அவர்களே எதிர்பார்த்திராத சில இடங்களில் பதிந்துள்ளது. ‘இது இல்லை, அது இல்லை’ என்று மறுப்புகளாலேயே விவரிக்கப்பட்டுவந்த ஒரு நெறி உண்மையில் எதை வலியுறுத்தியது என்பதை, இங்கிலாந்தின் திருச்சபை வரலாற்றைவிட அத்தடமே தமிழ் வாசகருக்குத் தெளிவாகக் காட்டக்கூடும்.

பதினேழாம் நூற்றாண்டின் நடுவில், மன்னரும் நாடாளுமன்றமும் போரிட்டு இங்கிலாந்து கலங்கிக் கிடந்த காலத்தில், ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624–1691) என்பவரைச் சுற்றித் திரண்ட கூட்டம் தன்னை ‘நண்பர்கள்’ என்று அழைத்துக்கொண்டது. ‘நடுங்குகிறவர்’ என்று பொருள்படும் ‘குவேக்கர்’ என்ற பெயரோ, 1650-இல் ஃபாக்ஸை விசாரித்த நீதிபதி ஒருவர் ஏளனமாகச் சூட்டியது. வைதவர் மறைந்தும் வசைச்சொல் நிலைத்துவிட்டது. ஒவ்வொரு மனிதருக்குள்ளும், அவர் எந்நாட்டவராயினும் எக்குலத்தவராயினும், இறைவனின் ஒளி ஒன்று இருக்கிறது என்பதும், இடையில் ஒரு குருவோ சடங்கோ இல்லாமலே அவ்வொளியை நேராக அறிய முடியும் என்பதும் ஃபாக்ஸின் அடிப்படைக் கூற்று. இதிலிருந்து ஒரு நடைமுறை விதி பிறந்தது: உள்ளே உணராததை வாய் சொல்லக் கூடாது. குவேக்கர்களின் மறுப்புகள் ஒவ்வொன்றையும், சொல் மெய்யை முந்திவிடலாகாது என்ற இந்த ஒரே கவலையிலிருந்து வருவித்துவிடலாம்.

அவர்களுடைய வழிபாட்டில் பிரசங்கமோ பாட்டோ முன்கூட்டி எழுதிய மன்றாட்டோ இல்லை. ஒரு கூடத்தில் எல்லாரும் அமைதியாக அமர்ந்திருப்பர். தம்மை உள்ளிருந்து ஏதோ உந்துவதாக உணர்பவர், ஆணாயினும் பெண்ணாயினும், எழுந்து சில சொற்கள் பேசி அமர்வார். யாரும் பேசாமலே கூட்டம் கலைவதும் உண்டு. பெண்கள் சபையில் பேசுவதை வேதநூலைக் கொண்டே நியாயப்படுத்தி, மார்கரெட் ஃபெல் என்ற அம்மையார் 1666-ஆம் ஆண்டிலேயே தனி நூல் எழுதியிருக்கிறார். சிவாலயத்தின் தென்சுவரில் கல்லாலின் கீழ் அமர்ந்து, வாய் திறவாமலே முனிவர் நால்வருக்கு உபதேசிக்கும் தட்சிணாமூர்த்தியை நாள்தோறும் வலம்வரும் மயிலாப்பூர்வாசிக்கு, மௌனமும் ஒரு போதனை முறை என்பது புதிய செய்தியன்று. ஆனால் இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிடுவது அவசரமான ஒப்பீடு. தட்சிணாமூர்த்தியின் மௌனத்தில் குருவின் இடம் நிரம்பியிருக்கிறது. குவேக்கர் கூட்டத்தில் அந்த இடம் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டிருக்கிறது. யோகியின் மோனம் தனிமையை நாடுவது, சொல் கடந்த நிலையில் முடிவது. இவர்களுடையதோ பலர் கூடிக் காக்கும் அமைதி, சரியான சொல் வரட்டும் என்று காத்திருக்கும் அமைதி.

உள்ளொளி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் தம் மனம்போன போக்கையெல்லாம் இறைவன் தலையில் கட்டிவிட முடியாதா என்ற கேள்வி தொடக்கத்திலேயே எழுந்தது. அது நியாயமான கேள்வியும் கூட. ஃபாக்ஸுக்கு நிகராக மதிக்கப்பட்ட ஜேம்ஸ் நெய்லர், 1656-இல் எருசலேமுக்குள் இயேசு நுழைந்ததைப் போலவே ஆதரவாளர் புடைசூழப் பிரிஸ்டல் நகருக்குள் குதிரையேறிச் சென்றார். நாடாளுமன்றமே விசாரித்து, நெற்றியில் சூடு போட்டு, நாக்கைத் துளைத்து அவரைத் தண்டித்தது. தண்டனை கொடூரமானது, ஆனால் அதிலிருந்து நண்பர்கள் கற்ற பாடம் பயனுள்ளது. தனி ஒருவருக்குத் தோன்றும் வெளிச்சத்தைக் கூட்டம் சோதிக்க வேண்டும் என்ற ஒழுங்கு அதன்பின் வலுப்பெற்றது. தங்கள் அலுவல் கூட்டங்களில் இன்றும் அவர்கள் வாக்கெடுப்பு நடத்துவதில்லை. எல்லாரும் பேசித் தீர்ந்தபின் கூட்டத்தின் மனம் எங்கே நிற்கிறது என்பதை எழுத்தர் ஒருவர் எழுதி வாசிக்கிறார், மனம் ஒன்றுபடாவிட்டால் முடிவு தள்ளிப்போகிறது. இந்த நெறிக்குத் தருக்க முறையில் வாதாடிய பெருநூல் ராபர்ட் பார்க்ளே 1676-இல் இலத்தீனில் வெளியிட்டது. பதினைந்து கருத்துரைகளாக அமைந்த அந்நூலில் ஞானஸ்நானமும் திருவிருந்தும் அகத்தில் நிகழ வேண்டியவை, நீரும் அப்பமும் அவற்றின் நிழல்களே என்று அவர் வாதிட்டார். வேதநூலை அவர் தள்ளவில்லை. அதை அருளிய ஆவி நூலுக்கு முந்தியது என்றார்.

குவேக்கர்களைச் சிறைக்கு அனுப்பியவை பெரும்பாலும் இத்தகைய நுண்ணிய கருத்துகள் அல்ல, அன்றாட வழக்கங்களே. பெரியவர் முன் தொப்பியைக் கழற்ற மறுத்தார்கள். ஆங்கிலத்தில் அப்போது ஒருமைக்கும் மரியாதைப் பன்மைக்கும் வெவ்வேறு சொற்கள் வழங்கியதால், நீதிபதியாயினும் பிரபுவாயினும் ஒருமையிலேயே விளித்தார்கள். ஆங்கிலேயருக்கே இன்று விளங்காத இந்தச் சண்டை தமிழருக்கு உடனே விளங்கும். ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ என்று படிகட்டி வைத்திருக்கும் மொழி நம்முடையது. மிராசுதாரரைக் கண்டதும் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தவர்களின் பேரன்கள் இந்நகரிலேயே வாழ்கிறார்கள். தேவார முதலிகள் இறைவனை ‘நீ’ என்றே பாடுகிறார்கள். ஆண்டவனுக்கே ஒருமை போதும் என்றால் ஆண்டைக்கு மட்டும் பன்மை எதற்கு என்பதே குவேக்கர் கேட்ட கேள்வியின் சாரம். எல்லாரையும் பன்மையால் உயர்த்துவது ஒரு சமத்துவம் என்றால், எல்லாரையும் ஒருமைக்கு இறக்குவது அவர்கள் தேர்ந்த சமத்துவம். கடைக்காரர்களாக இருந்தவர்கள் பேரத்தையும் அதே காரணத்துக்காகக் கைவிட்டார்கள்: ஐந்துக்குக் கொடுக்க மனமிருப்பவன் பத்து என்று சொல்வது பொய் என்பதால், குழந்தை வந்து கேட்டாலும் ஒரே விலை என்று விற்றார்கள். பாண்டி பஜாரின் நடைபாதையில் பேரம் பேசி வாங்குவதை ஒரு கலையாகவே பயின்ற தி. நகர்வாசிக்கு இது சற்றுச் சுவையற்ற வாணிபமாகத் தோன்றலாம். நம்பிக்கை பெருகியதால் வியாபாரம் பெருகியது என்பதும் வரலாறு.

சத்தியம் செய்ய மறுத்தது இவற்றுக்கெல்லாம் மேலான துன்பத்தைக் கொண்டுவந்தது. ஆணையிடவே கூடாது என்ற மலைப்பிரசங்கக் கட்டளையை அவர்கள் எழுத்துக்கு எழுத்து ஏற்றதோடு, அதற்கு ஓர் அறக் காரணமும் கண்டார்கள். எரியும் சூடத்தைக் கையால் அணைத்துச் சொன்னால்தான் ஒருவர் சொல்வது உண்மை என்றால், சூடம் அணைக்காத வேளைகளில் அவர் சொல்வதெல்லாம் என்ன? சத்தியம் என்ற ஏற்பாடே, மனிதருக்கு இரண்டு விதமான உண்மைகள் உண்டு என்று ஒப்புக்கொள்கிறது. அதை ஏற்க முடியாது என்றார்கள். இதன் விளைவாக அவர்களால் சாட்சி சொல்ல முடியவில்லை, கொடுத்த கடனை வழக்காடி வாங்க முடியவில்லை. அரச விசுவாசப் பிரமாணத்தை எடுக்க மறுத்ததற்காகவே சிறையில் வாடியவர்கள் பலர். 1696-ஆம் ஆண்டுச் சட்டம் சத்தியத்துக்குப் பதில் உறுதிமொழி கூறலாம் என்று அவர்களுக்கு வழிவிட்டது. அந்த உறுதிமொழியிலும் கடவுளின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்ததால் மனம் ஒப்பாதவர்கள் தொடர்ந்து போராடி, 1722-இல் அப்பெயரும் இல்லாத வாசகத்தைப் பெற்றார்கள். 1833-இல் ஜோசஃப் பீஸ் என்ற குவேக்கர் உறுதிமொழி கூறியே மக்களவையில் அமர்ந்தார்.

கடவுளை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள் திறந்த இந்தக் கதவின் வழியே, கடவுளை நம்பாதவர்களும் பிறகு நுழைந்தார்கள். 1880-இல் நார்த்தாம்ப்டன் தொகுதியில் வென்ற நாத்திகர் சார்லஸ் பிராட்லா, தமக்கும் உறுதிமொழி உரிமை வேண்டும் என்று கேட்டு மறுக்கப்பட்டு, ஆறு ஆண்டுகள் அலைக்கழிக்கப்பட்டபின் அவையில் அமர்ந்து, சமய நம்பிக்கை இல்லாதவரும் உறுதிமொழி கூறலாம் என்ற 1888-ஆம் ஆண்டுச் சட்டத்தை நிறைவேற்றுவித்தார். அவருடைய நெருங்கிய தோழராக நாத்திகப் பிரசாரம் செய்துவந்த அன்னி பெசன்ட், பிற்காலத்தில் மனம் மாறி, 1907 முதல் அடையாற்றிலிருந்து பிரம்மஞான சபையை நடத்தினார் என்பதும் இந்நகரத்தார் அறிந்ததே. இந்திய அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை, பதவியேற்பவர் கடவுளின் பெயரால் ஆணையிடலாம் அல்லது உளமார உறுதி கூறலாம் என்று இரு வழியையும் அருகருகே வைத்திருக்கிறது. திராவிட இயக்க அமைச்சர்களால் சென்னையின் பதவியேற்பு மேடைகளில் பழகிப்போன ‘உளமார’ என்ற அந்தச் சொல்லின் முன்னோரைத் தேடிப்போனால், பதினேழாம் நூற்றாண்டுச் சிறைகளில் தொப்பி கழற்றாமல் உட்கார்ந்திருந்த பக்தர்களிடம் போய்ச் சேர வேண்டியிருக்கும். நாத்திகருக்கு இது சங்கடமாயின் பக்தருக்கும் அதே அளவு சங்கடமே.

குவேக்கர் நெறி சென்னையோடு நேரடியாக மோதிய, அல்லது சென்னையின் பொருட்டு ஊரறிய விவாதிக்கப்பட்ட இடம் பள்ளிக்கூடம். 1787-இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரரும் ஆங்கிலத் திருச்சபைக் குருவுமான ஆண்ட்ரூ பெல், 1789-இல் எழும்பூரில் தொடங்கிய ஆண்பிள்ளைகள் அனாதை இல்லத்தின் மேற்பார்வையை ஏற்றார். ஐரோப்பியப் படைவீரர்களுக்கு இந்தியப் பெண்களிடம் பிறந்த பிள்ளைகளுக்கான இல்லம் அது. ஆசிரியர்களின் திறமையின்மை அவரை வாட்டியது. அந்நிலையில் ஒருநாள் குதிரையில் சென்றபோது, ‘மலபார்’ பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துகளை எழுதிப் பழகுவதை அவர் கண்டார். அக்கால ஆங்கிலேயர் தமிழரைத்தான் மலபார் என்று குறித்தனர். ஆகவே அவர் கண்டது நம் திண்ணைப் பள்ளி. மணலில் எழுத ஆசிரியர்கள் மறுக்கவே, எட்டு வயதே ஆன ஜான் ஃபிரிஸ்கன் என்ற மாணவனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். பையன் ஆசிரியர்களைவிட நன்றாகக் கற்பித்தான். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் இந்த முறையைப் பெல் தம் கண்டுபிடிப்பாகவே கருதினார். ஆனால் அண்ணாவி எனப்படும் ஆசிரியர் கண்ணயர்ந்த வேளையிலும் பள்ளியை ஓட்டிய சட்டாம்பிள்ளையைத் தமிழ்நாட்டுத் திண்ணைகள் நெடுங்காலமாக அறியும். 1823-இல் பெல்லாரி ஆட்சியர் கேம்ப்பெல் தம் அறிக்கையில், நாட்டுப் பள்ளிகளின் இந்த வழக்கம் இங்கிலாந்து பின்பற்றியதற்குத் தகுதியானதே என்று நேர்மையாக எழுதினார்.

பெல் தம் சென்னை அனுபவத்தை 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். மறு ஆண்டு, சதர்க் பகுதியில் ஜோசஃப் லங்காஸ்டர் என்ற இருபது வயதுக் குவேக்கர், ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் திறந்து, சம்பளம் கொடுத்து ஆசிரியர்களை வைக்க வழியில்லாமல் அதே சட்டாம்பிள்ளை முறையை மேற்கொண்டார். பின்னர் பெல்லின் நூலைப் படித்து, 1803-இல் தாம் வெளியிட்ட நூலில் அவருக்கு நன்றியும் தெரிவித்தார். ஓராசிரியர் ஆயிரம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்ற பேச்சு நாடெங்கும் பரவியது, மூன்றாம் ஜார்ஜ் மன்னரே லங்காஸ்டரை அழைத்துப் பேசினார். இந்த இடத்தில்தான் சண்டை வெடித்தது. தம் பள்ளியில் வேதநூலை வாசிக்கச் செய்த லங்காஸ்டர், எந்தச் சபையின் வினாவிடையையும், அதாவது நம்பிக்கைகளைக் கேள்வி பதிலாக மனப்பாடம் செய்விக்கும் பாடத்தையும், கற்பிக்க மறுத்தார். ஞாயிறன்று பிள்ளைகள் தத்தம் பெற்றோரின் ஆலயத்துக்குப் போகட்டும் என்றார். 1805-இல் சாரா டிரிம்மர் என்ற எழுத்தாளர், இது தேசியத் திருச்சபையின் வேரறுக்கும் வேலை என்று நூலெழுதினார். கவிஞர்கள் ராபர்ட் சதியும் கோல்ரிட்ஜும் பெல்லின் பக்கம் நின்றனர். ஜேம்ஸ் மில் முதலிய சீர்திருத்தக்காரர்கள் லங்காஸ்டரை ஆதரித்தனர். 1811-இல் திருச்சபையினர் பெல்லின் முறையில் தனிச் சங்கமே நிறுவினர். இருவரிடமும் இருந்தது ஒரே மணல், ஒரே சட்டாம்பிள்ளை. அந்த மணலில் எதை எழுதுவது என்பதே வழக்கு.

வினாவிடையைக் கற்பிக்காத பள்ளி சமயமற்ற பள்ளி என்று எதிரணியினர் சொன்னது பலருக்கு இன்றும் சரியாகவே தோன்றும். ஆனால் குவேக்கர் நெறியின் உள்ளிருந்து பார்த்தால் அது சமயப்பற்றின் குறைவால் எடுத்த நிலை அன்று. ஏழு வயதுப் பிள்ளை ‘நான் விசுவாசிக்கிறேன்’ என்று தொடங்கி, தான் உணராத கோட்பாடுகளை அடுக்கிச் சொல்வது, சூடம் அணைத்துப் பொய் சொல்வதைப் போலவே சொல்லை மெய்க்கு முன்னால் ஓடவிடும் செயல். அது பிள்ளைக்குள் இருக்கும் ஒளியை நம்பாத செயலும் ஆகும். எல்லாருக்கும் பொதுவான பள்ளியில் ஒரு சபையின் நம்பிக்கையை எல்லார் வாயிலும் திணிக்கலாகாது என்ற கொள்கை, பல சமயத்தார் வாழும் நாட்டில் பின்னாளில் எவ்வளவு இன்றியமையாததாயிற்று என்பதை விளக்க வேண்டியதில்லை. அவ்வழக்கில் லங்காஸ்டர் பக்கமே நியாயம் இருந்தது.

லங்காஸ்டர் என்ற மனிதரைக் குறித்து அவ்வளவு உறுதியாகச் சொல்ல இயலாது. பிரம்படியைக் கண்டித்தவர், பிள்ளைகளைக் கூடையில் உட்காரவைத்து உத்தரத்தில் தொங்கவிடும் தண்டனையை வகுத்தார்; நம் திண்ணைப் பள்ளிகளில் கயிற்றைப் பிடித்துத் தொங்கவைத்த கோதண்டத்துக்கு அது தங்கை முறை. கணக்கு வழக்கில்லாமல் செலவு செய்து கடனில் மூழ்கியதால், 1814-இல் நண்பர்கள் சங்கமே அவரை விலக்கியது; கடன் கொடுத்தவரை ஏமாற்றுவது பொய்யின் ஒரு வடிவம் என்பது அவர்கள் கணக்கு. அமெரிக்காவிலும் வெனிசுவேலாவிலும் அலைந்து, 1838-இல் நியூயார்க் தெருவில் விபத்தில் இறந்தார். அவருடைய முறையிலும் ஒரு முரண் உண்டு: வினாவிடையை மனப்பாடம் செய்விக்கக் கூடாது என்றவரின் பள்ளியில், எழுத்தும் எண்ணும் ஆலையில் நூல் நூற்பதைப் போலவே ஓசையிட்டு மனப்பாடம் செய்விக்கப்பட்டன. திண்ணைப் பள்ளியையும் இங்கே பொன்னாக்கிவிட வேண்டியதில்லை. 1822-இல் ஆளுநர் தாமஸ் மன்றோ உத்தரவிட்ட கணக்கெடுப்பு, சென்னை மாகாணத்தின் 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகக் காட்டியது. அது பெருமைக்குரிய தொகையே. ஆயினும் தீண்டாமைக்குள்ளான சாதிகளின் பிள்ளைகளுக்குத் திண்ணை எட்டாத உயரமாகவே இருந்தது. 1894-இல் பிரம்மஞான சபையின் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்க நேர்ந்தது அதனால்தான்.

குவேக்கர்கள் தங்கள் கொள்கைக்குத் தாங்களே மாறாக நடந்த தருணங்களும் உண்டு. 1893-இல் பிரிட்டோரியாவில் இளைஞர் காந்தியோடு பழகிய கோட்ஸ் என்ற குவேக்கர், அவர் கழுத்திலிருந்த துளசி மாலையை மூடநம்பிக்கை என்று கருதி அறுத்தெறியச் சொன்னார். தாயார் அணிவித்தது என்று காந்தி மறுத்துவிட்டார். எல்லாருக்குள்ளும் ஒளியுண்டு என்பவர் ஒரு வைணவத் தாயின் கையில் அதைக் காணத் தவறினார்.

அந்தப் பிழையைத் திருத்தியவர்களுள் ஒருவர் சென்னையிலேயே உருவானார். யார்க்‌ஷயரில் 1905-இல் பிறந்த மார்ஜரி சைக்ஸ், 1928-இல் வேப்பேரியின் பென்டிங்க் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து, தமிழ் கற்று, 1930-களில் நண்பர்கள் சங்கத்தில் சேர்ந்தார். மதம் மாற்றுவதைத் தம் வேலையாகக் கொள்ளாமல், கைத்தொழில் வழியே அறிவு வளர வேண்டும் என்ற காந்தியின் கல்விக் கருத்தைத் தம் பணியாக ஏற்றார். கையால் செய்து உணர்ந்ததையே வாயால் சொல்லும் அக்கல்வி, லங்காஸ்டரின் இரைச்சல் வகுப்பைவிடக் குவேக்கர் நெறிக்கு நெருக்கமானது. சாந்திநிகேதனிலும் சேவாகிராமத்திலும் பணியாற்றி, இந்தியக் குடியுரிமை பெற்று, கோத்தகிரியில் தங்கி அமைதிப் படைக்குப் பயிற்சியளித்து, 1960-களில் நாகாலாந்துப் போர்நிறுத்தத்தைக் கண்காணித்த குழுவிலும் இடம்பெற்றார். ஆயுதம் எடுப்பதில்லை என்று இரண்டாம் சார்லஸ் மன்னருக்குக் குவேக்கர்கள் 1660-இல் எழுதிக் கொடுத்த பிரகடனம், மூன்று நூற்றாண்டுக்குப் பின் நாகர் மலைகளில் செய்த வேலை அது. இந்தியாவில் குவேக்கர்களின் வரலாற்றை அவரே 1980-இல் நூலாக எழுதினார்.

மன்றோவின் கணக்கெடுப்பு ஏடுகளைத் தேடியெடுத்து ஆய்ந்து, அவற்றை 1983-இல் நூலாகத் தொகுத்து வெளியிட்டவர் தரம்பால். அந்த ஆவணங்கள் இருப்பது எழும்பூர் ரயில் நிலையத்தின் எதிரே உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில். பெல் பள்ளி நடத்திய அதே எழும்பூர். காப்பகம் நிற்கும் தெருவுக்குக் காந்தி இர்வின் சாலை என்று பெயர். அந்தப் பெயருக்குப் பின்னாலும் ஒரு குவேக்கர் தடம் உண்டு. உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு முன், 1930 மார்ச் 2 தேதியிட்ட கடிதத்தைக் காந்தியிடமிருந்து பெற்று வைசிராய் இர்வினிடம் சேர்ப்பித்த ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கில இளைஞர் ஒரு குவேக்கர்.